கையொப்பத்தில் கரைந்த குற்றப் பிரேரணை

ஆளுவோர் நெறி தவறினால் அவரை விலக்கும் வழி யாது என்னும் வினா ஜொகூர் மாநிலத்துக்குப் புதியதன்று. 1895ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சுல்தான் அபு பக்கார் தம் நாட்டுக்கு எழுத்து வடிவான ஓர் அரசியற் சட்டத்தை வழங்கினார். மலாய் மாநிலங்களுள் அத்தகைய சட்டத்தை முதலிற் பெற்றது ஜொகூரே. நாட்டை எந்த ஐரோப்பிய வல்லரசுக்கும் ஒப்படைத்தலாகாது என்று அச்சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு மன்னருக்கே வரம்பு கட்டிற்று. வரம்பை மீறிய மன்னருக்குக் குடிகள் கட்டுப்பட வேண்டுவதில்லை என்றும் உரைத்தது. ஐம்பது ஆண்டுகள் அப்பிரிவு ஏட்டில் உறங்கிக் கிடந்தது. 1945 அக்டோபரில் சர் ஹெரால்டு மெக்மைக்கேல் நீட்டிய மலாயன் யூனியன் உடன்படிக்கையில் சுல்தான் இப்ராகிம் கையொப்பமிட்ட பின்னரே அது விழித்தெழுந்தது. 1946 பிப்ரவரி முதல் நாள் ஜொகூர் பாருவின் பெரிய பள்ளிவாசலில் கூடிய மலாய்க்காரர்கள், மன்னர் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறிவிட்டார் என்று வெளிப்படையாகவே முழங்கினார்கள். அப்போது பத்து பாகாட் மாவட்ட அதிகாரியாக விளங்கிய ஓன் பின் ஜாபார், அதற்கு முந்திய திங்களிலேயே பத்து பாகாட்டில் தீபகற்ப மலாய் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். எதிர்ப்பின் வேகத்தை உணர்ந்த சுல்தான் அந்தப் பிப்ரவரியிலேயே திட்டத்துக்கு அளித்த ஆதரவை மீட்டுக்கொண்டார். 1959இல் மறையும் வரையில் அரியணையிலும் இருந்தார்.

இட்ட கையொப்பம் ஒரு கொந்தளிப்பை எழுப்பியது. அதன் இசைவைத் திரும்பப் பெற்றது அக்கொந்தளிப்பைத் தணித்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இலங்கையில் நடந்த வேறொரு போராட்டமும் கையொப்பத்தைப் பற்றியதே. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர் மன்னரல்லர், மக்கள் வாக்கால் வந்த ஜனாதிபதி. மலேசியாவில் மாமன்னரைத் தேர்வதும் நீக்குவதும் ஆட்சியாளர் மன்றத்தின் உரிமையாதலின், பாராளுமன்ற உறுப்பினர் சேர்ந்து அரசுத் தலைவரை விசாரிக்கும் வழக்கம் இங்கில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பணியாற்ற வந்த குடும்பங்கள் வாழும் நாடு இது. கொழும்பில் அடிக்கும் காற்று இங்குள்ள வீடுகளிலும் சற்றே வீசும்.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியற் சட்டம் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் கைவண்ணம். அதுவரை பிரதமரிடமிருந்த அதிகாரம் முழுதும் அதனால் ஜனாதிபதியிடம் சென்றது. பதவியிலிருக்கும்வரை அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர இயலாது. எனவே அவரைத் தட்டிக் கேட்பதற்கு ஒரே ஒரு வழியை அச்சட்டத்தின் 38ஆம் பிரிவு திறந்து வைத்தது. அரசியற் சட்டத்தை வேண்டுமென்றே மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய ஒழுங்கீனம் அல்லது ஊழல், ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றுள் ஒன்றைச் சுட்டி, உறுப்பினர் எவரும் சபாநாயகருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம். இலங்கைத் தமிழர் இதனைக் குற்றப் பிரேரணை என வழங்குவர்.

வழி திறந்திருந்தது உண்மை; நடந்து செல்ல எளிதானதன்று. மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் அந்த அறிவிப்பில் ஒப்பமிட்டிருக்க வேண்டும். அல்லது பாதிக்குக் குறையாதோர் ஒப்பமிட்டு, குற்றச்சாட்டுகள் விசாரணைக்குரியவை என்று சபாநாயகர் மனநிறைவு கொள்ள வேண்டும். அதன் பின்னரே தீர்மானம் அவையின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். அவையில் மூன்றில் இரு பங்கினர் அதனை நிறைவேற்றினால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும். நீதிமன்றம் குற்றம் உண்டென்று அறிக்கை தந்தால் மீண்டும் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்துப் பதவி நீக்கலாம். அமெரிக்காவில் கீழவையின் சாதாரணப் பெரும்பான்மையே குற்றஞ்சாட்டப் போதும். இந்தியாவிலோ ஓர் அவையின் நான்கில் ஒரு பங்கினர் ஒப்பமிட்டுப் பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் குடியரசுத் தலைவருக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவரலாம். இலங்கையிலோ வாதம் தொடங்குமுன்னரே பாதி அவையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதுவும் வாக்குச்சீட்டின் மறைவில் அன்று, பெயரெழுதி, ஒப்பமிட்டு.

ஒப்பத்தின் வலிமையை ஜெயவர்த்தனா நன்கறிந்தவர். 1982இல் பொதுத்தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்க ஒரு பொதுசன வாக்கெடுப்பை அவர் நடத்தினார். அதற்கு முன்னதாகத் தம் கட்சி உறுப்பினர்களிடமிருந்து நாள் குறிக்கப்படாத பதவி விலகற் கடிதங்களை ஒப்பத்துடன் வாங்கி வைத்துக்கொண்டார். நாளை எழுதும் உரிமை தலைவருடையது. மக்களின் பிரதிநிதி தன் கையெழுத்தாலேயே தன்னைத் தலைவரிடம் அடகு வைத்தான் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

ஜெயவர்த்தனாவுக்குப் பின் 1989 ஜனவரியில் பதவியேற்றவர் ரணசிங்க பிரேமதாசா. கொழும்பின் எளிய மக்கள் வாழும் பகுதியிலே பிறந்து, ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்கட்சியில் அரசியல் பயின்று, மாநகர சபை வழியாக மேலேறியவர். பழைய பெருங்குடியினரே தலைமை வகித்துவந்த ஐக்கிய தேசியக் கட்சியில் அவருடைய உயர்வு பலருக்கு உறுத்தலாகவே இருந்தது. வறியோர்க்கான ஜனசவிய திட்டமும், ஊர்தோறும் வீடு கட்டும் இயக்கமும் அவர் பெயரைச் சிற்றூர்களில் நிறுத்தின. ஆயின் அமைச்சர்கள் வெறும் எழுத்தர்களாகிவிட்டனர், எல்லாம் ஒருவர் கையிலே என்ற மனக்குறை கட்சிக்குள் வளர்ந்தது. 1988 டிசம்பர்த் தேர்தலில் அவர் பெற்றது நூற்றுக்கு 50.4 பங்கு வாக்குகளே. பாதிக்கு மேல் ஒரு விரற்கடை. அவருக்கு எதிராக எழுந்த பிரேரணையும் பாதி என்னும் அந்த எல்லைக்கோட்டின்மேலேதான் நின்று ஆடியது.

எதிர்த்தெழுந்தோர் முதல்வர் இருவர். ஒருவர் லலித் அத்துலத்முதலி. ஆக்ஸ்போர்டு மாணவர் சங்கத்தின் தலைவராயிருந்தவர். 1960களின் தொடக்கத்தில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்ட விரிவுரையாளராகப் பணிபுரிந்தவர். சிங்கப்பூரின் முதல் தலைமுறை வழக்கறிஞருள் அவரிடம் பாடங்கேட்டோர் உண்டு. 1991இல் அவர் கல்வி அமைச்சர். மற்றவர் காமினி திசாநாயக்கா. மகாவலித் திட்டத்தை முன்னின்று நடத்தியவர். பிரேமதாசாவால் அமைச்சரவையிலிருந்து விலக்கப்பட்டவர். இவ்விருவரும் ஜெயவர்த்தனாவுக்குப் பின் தலைமைக்கு வரக்கூடியோர் என்று பேசப்பட்டவர்கள். அமைச்சர் ஜி. எம். பிரேமச்சந்திராவும் இவர்களுடன் சேர்ந்தார்.

தமிழ் வாசகர் இப்பூசலில் எவர் பக்கம் நிற்பது? அத்துலத்முதலி 1980களில் தேசியப் பாதுகாப்பு அமைச்சராகப் போரை நடத்தியவர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அந்நகரில் தங்கியிருந்த அமைச்சர்களுள் காமினி திசாநாயக்கா ஒருவர். பிரேமதாசாவோ இந்திய அமைதிப்படையை வெளியேற்றும் முனைப்பில் புலிகளுடன் பேசியவர். அவர்களுக்கு ஆயுதமும் வழங்கியவர். 1990 ஜூனில் அதே புலிகளுடன் மீண்டும் போர் மூண்டபோது அந்தப் போரையும் நடத்தியவர். பிரேரணை வெளிப்பட்ட வேளையில் ஆனையிறவில் ஒரு திங்கள் நடந்த கொடும்போர் ஓய்ந்து மூன்று வாரங்கூட நிறையவில்லை. மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பிரேமதாசாவின் அமைச்சரவையிலேயே நீடித்தார். குடியுரிமைப் போராட்டத்தில் ஒவ்வொரு படியாக ஏறிவந்த அவர், ஆளுவோரோடு இருந்தே தம் மக்களுக்கு ஆவன செய்வது என்ற தம் பழைய வழியைக் கைவிடவில்லை. ஆகவே இக்கதையில் தமிழருக்கு நாயகர் எவருமிலர். ஓர் அரசியற் சட்டத்தின் உறுதி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் காட்டுவதனாலேயே இது கற்கத்தக்கதாகிறது.

எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். 1989 பொதுத்தேர்தலில் 225 இடங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி 125 பெற்றது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா தலைமையிலான சுதந்திரக் கட்சி 67. தமிழ், முஸ்லிம், இடதுசாரி அணிகள் எஞ்சிய 33. அறிவிப்புக்குத் தேவை 113. எதிரணியினர் ஒருவர் விடாமல் ஒப்பமிட்டாலும் நூறுதான். எனவே ஆளுங்கட்சியிலிருந்து குறைந்தது பதின்மூவராவது வேண்டும்; தீர்மானத்தை நிறைவேற்றத் தேவையான 150ஐ எட்ட ஐம்பதின்மர் வேண்டும். பல வாரங்கள் மறைவாகவே ஒப்பங்கள் திரட்டப்பட்டன. ஆளுங்கட்சியினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டுவிட்டனர் என்று பேசப்பட்டது. இருபத்து நான்கு குற்றச்சாட்டுகள் அடங்கிய அறிவிப்புச் சபாநாயகர் எம். எச். முகமதுவின் கைக்குச் சென்றது.

1991 ஆகஸ்டு 28ஆம் நாள் சபாநாயகர் ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். 38ஆம் பிரிவின்படி வந்த தீர்மான அறிவிப்பைத் தாம் ஏற்றுக்கொண்டதாக அதில் தெரிவித்தார். கடிதம் சிறிது; விளைவு பெரிது. ஏனெனில் சபாநாயகர் அத்தகைய தீர்மானத்தை ஏற்றுக்கொண்டபின் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தலாகாது என்று 70ஆம் பிரிவு தடுத்தது. குற்றஞ்சாட்டும் அவையைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே கலைத்துவிட்டால் விசாரணை ஏது? சட்டம் வரைந்தோர் அந்த வாயிலை அடைத்து வைத்திருந்தார்கள். எதிர்ப்பாளர்கள் வென்றுவிட்டதாகவே கொழும்பில் பலர் எண்ணினர்.

பக்கத்து வாயில் திறந்தே கிடந்தது. கலைத்தல் வேறு, கூட்டத்தொடரை முடித்து ஒத்திவைத்தல் வேறு. இரண்டு திங்களுக்கு மேற்படாமல் அவையை ஒத்திவைக்க ஜனாதிபதிக்கு உரிமை உண்டு. அதற்குத் தடை எங்கும் எழுதப்படவில்லை. ஆகஸ்டு 30ஆம் நாள், கடிதம் கிடைத்த இரண்டாம் நாள், பிரேமதாசா பாராளுமன்றத்தைச் செப்டம்பர் 24 வரையில் ஒத்திவைத்தார். ஒத்திவைப்பினால் தீர்மானம் இறந்துபடுவதில்லை. அடுத்த தொடரில் அதனைத் தொடரலாம் என்பதும் சட்டமே. ஆனால் அவருக்குத் தேவையானது தீர்மானத்தின் சாவன்று, நாட்கள். இருபத்தைந்து நாட்கள் கிடைத்தன.

அந்த இருபத்தைந்து நாட்களில் நடந்தவைதாம் இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. அவை கூடியிருந்தால் ஒப்பமிட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றிருப்பர். அவை கூடாதபோது ஒவ்வொருவரும் தனியர். தொகுதிக்குப் பாலம் வேண்டும், வேலை வேண்டும், அடுத்த தேர்தலில் கட்சிப் பட்டியலில் இடம் வேண்டும்; அனைத்தும் ஒருவரிடமே உண்டு. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அடுத்தடுத்து ஜனாதிபதிக்கு ஆதரவு தெரிவிக்கலாயினர். சிலர் தம் ஒப்பத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். சிலர் இன்னதென்று அறியாமலே ஒப்பமிட்டதாகக் கூறினர். நாட்டின் தலைவரையே நீக்கக் கோரும் ஏட்டில் படித்துப் பாராமல் ஒப்பமிட்டேன் என்று ஒரு சட்டமன்றத்தார் சொல்வது, உண்மையாயினும் பொய்யாயினும், பெருமை தருவதன்று.

கட்சியின் கை மறுபுறமும் நீண்டது. அத்துலத்முதலி, திசாநாயக்கா, பிரேமச்சந்திரா உள்ளிட்ட எண்மர் செப்டம்பரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். ஜெயவர்த்தனாவின் அரசியற் சட்டத்தில் கட்சியை விட்டு நீங்கியவர் பாராளுமன்ற இடத்தையும் இழப்பார். ஒரு திங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகி, நீக்கம் செல்லாதென்று தீர்ப்புப் பெற்றால்தான் தப்பலாம். எண்மரும் நீதிமன்றம் சென்றனர். தம்மை விசாரியாமலே நீக்கியது நீதியன்று என்று வாதிட்டனர். டிசம்பரில் வந்த தீர்ப்பு நீக்கத்தை உறுதி செய்தது. தலைவரை விசாரிக்கக் கையெழுத்திட்டவர்கள் விசாரணையின்றியே வெளியேறியது இங்கு நினைக்கத்தக்கது. இந்த இரு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். ஒரு விதி உறுப்பினனுக்குத் தலைவரைக் குற்றஞ்சாட்டும் உரிமையைத் தருகிறது. மற்றொன்று அவ்வாறு செய்தவனைக் கட்சி வழியாக வீட்டுக்கு அனுப்பத் தலைவருக்கு வசதி தருகிறது. முன்னதைவிடப் பின்னது விரைந்து வேலை செய்தது.

அக்டோபரில் சபாநாயகர் தம் முடிவை வெளியிட்டார். அறிவிப்பில் தேவையான எண்ணிக்கையில் செல்லத்தக்க ஒப்பங்கள் இல்லை. ஆதலால் தீர்மானத்தை மேற்கொண்டு நடத்த இயலாது. ஆகஸ்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே அறிவிப்பு இது! ஏற்றபின் ஒப்பத்தை மீட்க உறுப்பினனுக்கு உரிமை உண்டா, ஏற்றதைத் திரும்பத் தள்ளச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டா என்னும் கேள்விகளுக்குச் சட்டத்தில் விடையில்லை. சபாநாயகர் அச்சத்தால் மாறினார் என்போரும், முதலில் ஏமாற்றப்பட்டுப் பின் உண்மையைக் கண்டார் என்போரும் உளர். எவ்வாறாயினும், ஒருவருடைய மனநிறைவின்மேல் இத்துணைப் பெரிய சுமையை ஏற்றி வைத்தது சட்டத்தின் குறையே. இருபத்து நான்கு குற்றச்சாட்டுகளுள் ஒன்றேனும் அவையில் வாதிக்கப்படவில்லை. பிரேமதாசா குற்றவாளியா அல்லரா என்பதை எந்த மன்றமும் சொல்லவில்லை. ஆதலின் அவரும் குற்றமற்றவர் என்ற தீர்ப்பைப் பெறாமலே போனார்.

பிறநாட்டுத் தோல்விகள் இவ்வாறல்ல. 1868இல் அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மேலவையில் ஒரே வாக்கில் தப்பினார்; குற்றவாளி என்றோர் 35, அல்லர் என்றோர் 19, தேவையானது 36. எவர் எப்படி வாக்களித்தார் என்பது பெயருடன் பதிவாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் மாணவர் அதனைப் படிக்கின்றனர். 1999இல் பில் கிளிண்டனும், 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் டொனால்டு டிரம்பும் அவ்வாறே வாக்கெடுப்பின் பின்னரே தப்பினர். இந்தியாவில் குடியரசுத் தலைவர் எவர்மீதும் இத்தகைய விசாரணை நடந்ததில்லை. ஆயின் சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற நீதிபதி வீ. இராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானம் 1993 மே திங்களில் மக்களவையில் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமில்லை, காங்கிரசார் 205 பேர் வாக்களியாதிருந்தனர், தீர்மானம் வீழ்ந்தது. வாய் திறவாமல் தோற்கடித்தாலும் அவைக்குள்ளே, எல்லோரும் காணவே தோற்கடித்தனர். இலங்கையின் பிரேரணைக்கு அந்த மதிப்புங்கூடக் கிட்டவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை துயரமானவை. வெளியேற்றப்பட்டோர் ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணி என்னும் புதுக்கட்சி கண்டனர். 1993 ஏப்ரல் 23ஆம் நாள் கிருலப்பனையில் தேர்தற் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த அத்துலத்முதலி சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாட்கள் கழித்து, மே தின ஊர்வலத்தில் நின்றிருந்த பிரேமதாசா தற்கொலைக் குண்டுக்கு இரையானார். தாய்க்கட்சிக்குத் திரும்பி ஜனாதிபதி வேட்பாளராக நின்ற திசாநாயக்கா 1994 அக்டோபரில் அதே வகையில் மாண்டார். அவையில் எதிரெதிரே நின்று வாதிட்டிருக்க வேண்டிய மூவரும் 1994 முடிவதற்குள் உலகில் இல்லை.

38ஆம் பிரிவு மட்டும் ஏட்டில் இருந்தது. 2022இல் நாடு பொருள் நெருக்கடியில் சிக்கி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்சாவுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை ஒன்றை எதிர்க்கட்சி அணியமாக்கியது. ஏப்ரலில் அதில் ஒப்பமிட்ட எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசா. 1991இல் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மைந்தர். தந்தையைத் தாக்கிய படைக்கலத்தை மகன் கையில் எடுத்தார். ஆளுங்கட்சியின் எண்ணிக்கையைத் தாண்டி அதுவும் நகரவில்லை. ஜூலையில் மக்களே ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். கோத்தபாய மாலத்தீவுக்குப் பறந்து, அங்கிருந்து 14ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜொகூர்க் கடற்பாலத்துக்கு அப்பாலிருந்தே தம் பதவி விலகற் கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்பினார். கடிதம் அன்றிரவே கிடைத்தும் சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்த்தனா உடனே அதை அறிவிக்கவில்லை. அது மெய்யானதுதானா, சட்டப்படி செல்லுமா என்று ஆராய்ந்த பின், மறுநாட் காலையிலேதான் ஜனாதிபதி விலகிவிட்டார் என்று நாட்டுக்குச் சொன்னார். இம்முறை அவர் சரிபார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கையொப்பந்தான்.